சீனி உருண்டையை நம்பி வலிப்பு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தூக்கத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் வடிந்து இரண்டு தடவை வலிப்பு வந்தது. எட்டு மாதமாக லெவெடிராசிடம் சிரப் கொடுக்கிறோம். அதன் பிறகு வலிப்பு இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் கோபம், தங்கையைப் போட்டு அடிக்கிறான். நாத்தனார் சொல்லி ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் போனோம். ‘க்யூப்ரம் மெட் 30’ கொடுத்து, இங்கிலீஷ் மருந்தை நிறுத்தச் சொன்னார். நாத்தனார் தெருவில் ஒரு பையனுக்கு இதில்தான் குணமானதாம். என்ன செய்வது?
- தேனி வாசகி

பதில்: முதலில் ஒன்று. இன்று ராத்திரி கொடுக்கவேண்டிய சிரப்பைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். சில சமயம் நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சின்ன வயதில் நானும் அந்தச் சீனி உருண்டைகளைத் திருடித் தின்றவள்தான், அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் க்யூப்ரம் என்றால் செம்பு. அதை நூறில் ஒரு பங்காகக் குறைத்து, அந்தக் கலவையை மறுபடி நூறில் ஒரு பங்காக்கி, இப்படியே 30 தடவை செய்தால் வருவதுதான் அந்த ‘30’. ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு நீர்த்தது. 12 தடவை தாண்டும்போதே செம்பின் ஓர் அணுகூட மிஞ்சுவது சந்தேகம். இது வலிப்பை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. முறையான மருந்திலோ வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வலிப்பே இல்லாமல் வாழமுடியும்.

அப்படியானால் அந்தத் தெருப் பையன்? அவனுக்குக் குணமானது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ரோலாண்டிக் வலிப்பு என்று ஒரு வகை உண்டு. பள்ளி வயதில் வரும். பெரும்பாலும் தூக்கத்தில், முகம் ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் வடியும், பேச வராது. 15, 16 வயதுக்குள் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்திருந்தாலும், மந்திரித்த கயிறே கட்டியிருந்தாலும், பெயர் அதற்குத்தான் போகும். உங்கள் பையனுக்கும் அந்த வகைதானா என்பதை இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) பார்த்த டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கடிதத்தை வைத்து நான் சொல்வது சரியாகாது.

கோபத்துக்கு வருவோம். அது பிள்ளையின் குணமில்லை, உங்கள் வளர்ப்பும் இல்லை. லெவெடிராசிடம் சில குழந்தைகளுக்கு இப்படித்தான் செய்யும். டாக்டருக்கு இது தெரிந்த விஷயம். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றுவார். வழக்கமாக இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் மருந்தையே மெல்ல நிறுத்துவது பற்றி அவரே பேச்செடுப்பார்.

நாத்தனார் மனம் நோகக்கூடாது என்றால் உருண்டை ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். சிரப் ஒரு வேளைகூட விடுபடக்கூடாது. பெயரில்லாத பொட்டலப் பொடி மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் பினோபார்பிட்டோன் என்ற இங்கிலீஷ் வலிப்பு மருந்தையே சொல்லாமல் கலந்திருந்தது நம் நாட்டிலேயே பிடிபட்டிருக்கிறது.

மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, வாயில் துணி எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கிணறு, குளம் பக்கம் தனியாக விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்வரை காத்திருக்கும் நாட்களில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்கு மருந்து, எப்போது கோபம், எவ்வளவு நேரம். தங்கையை அடித்ததையும் விடாமல் எழுதுங்கள்.