ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினால் ரெக்கார்டில் ஏறுமா? மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தைப் பாதிக்குமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறார், அடுத்த வருடம் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறார், போன வாரம் ஹைவேயில் ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியிருக்கிறார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், என் மகளுக்கும் இதே வயதில் இதே மாதிரி நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். ஒரு சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டுக்காக மெடிக்கல் ஸ்கூலில் இடம் மறுத்தார்கள் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் "சாதாரண" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. தொல்லை முடிந்தால் போதும் என்று இன்று ராத்திரியே ஆன்லைனில் அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்த பிறகு கட்டலாம்.

ரெக்கார்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு. ஒன்று உங்கள் மாநில டிஎம்வி, அதாவது லைசென்ஸ் கொடுக்கும் வாகனத் துறை, வைத்திருக்கும் ஓட்டுநர் பதிவு. தவறுக்குத் தவறு போடும் பாயிண்ட் ஏறுவது இதில்தான். நியூஜெர்சியில் வரம்புக்கு மேல் 14 மைல் வரை போனால் 2 பாயிண்ட், 15 முதல் 29 வரை 4, 30 அல்லது அதற்கு மேல் போனால் 5. இன்ஷூரன்ஸ்காரர்கள் இதைப் பார்ப்பார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள். கல்லூரிகள் பொதுவாக இதைக் கேட்பதில்லை. இன்னொன்று குற்றப் பதிவு. இதைத்தான் கேட்பார்கள், சீட் கிடைத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பும் செய்வார்கள். உங்கள் டிக்கெட் இந்த இரண்டாவதில் போய் உட்காருமா என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது, நீங்களோ எந்த மாநிலம் என்று சொல்லவில்லை.

கலிபோர்னியாவில் ஸ்பீடிங் வெறும் விதிமீறல், டிராஃபிக் ஸ்கூலுக்குப் போனால் அந்தப் பாயிண்டையும் இன்ஷூரன்ஸ் கண்ணில் படாமல் மறைத்துவிடலாம், 18 மாதத்துக்கு ஒரு முறை. டெக்சாஸில் அதே டிக்கெட் சட்டப்படி 'கிளாஸ் சி மிஸ்டிமீனர்', அதாவது சிறுகுற்றங்களில் கடைசி வகுப்பு. ஜெயில் கிடையாது, அபராதம் மட்டும். ஆனாலும் பெயர் மிஸ்டிமீனர்தான். அங்கே வேகம் வரம்பைவிட 25 மைல் அதிகமாகப் போகாதவர்கள் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பை முடித்துக் கொடுத்தால் கேஸையே தள்ளுபடி செய்வார்கள். நீங்கள் டெக்சாஸ் என்றால் அதை விடாதீர்கள்.

விர்ஜீனியா வேறு கதை. என் மகள் வடக்குக் கரோலினாவில் படித்துக்கொண்டிருந்தாள். தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வரும்போது ஐ-95இல், விர்ஜீனியாவுக்குள், 70 மைல் வரம்புள்ள இடத்தில் 87இல் போனாள். வரம்பைவிட 17 மைல்தானே, அபராதம் கட்டினால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். அவள் அந்த மஞ்சள் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தால் அபராதத் தொகை என்று எதுவுமே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தேதி, காலை 9 மணி, ஒரு கோர்ட் விலாசம். குற்றம் என்ற இடத்தில் 'ரெக்லெஸ் டிரைவிங்' (ஆபத்தாக, கண்மூடித்தனமாக ஓட்டுவது) என்று கையால் எழுதி, பக்கத்தில் 46.2-862 என்ற சட்டப்பிரிவு. கீழே அவள் கையெழுத்து. (அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வது இல்லை, கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதி மட்டும்தான். அதை நினைத்து அவள் ராத்திரி முழுக்க அழுதாள்.)

விர்ஜீனியாவில் வரம்பைவிட 20 மைல் கூடப் போனாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலோ அது ரெக்லெஸ் டிரைவிங். 2020 ஜூலைக்கு முன்பு இந்த எண் 80 ஆக இருந்தது. இது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், முதல் முறை குடித்துவிட்டு ஓட்டியவர் மேல் போடும் அதே வகுப்பு. சட்டப்படி 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். தண்டனை ஆகிவிட்டால் ஓட்டுநர் பதிவில் 11 வருடம் நிற்கும். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அது. அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஊர்ப்பக்கம் டிராஃபிக் கேஸ் மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீலைப் பிடித்தோம். தேடவே வேண்டாம், டிக்கெட் விழுந்த பத்து நாளில் வீட்டு விலாசத்துக்கு ஏழெட்டு வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர் மூன்று காரியம் செய்யச் சொன்னார். நியூஜெர்சி ஓட்டுநர் பதிவின் நகல் ஒன்று எடுப்பது, அவளுக்கு அதுவரை ஒரு டிக்கெட்கூட இல்லை. 8 மணி நேர டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பைக் கோர்ட் சொல்வதற்கு முன்னாலேயே முடிப்பது. மூன்றாவது, ஸ்பீடோமீட்டரைச் சோதித்துச் சான்றிதழ் வாங்குவது. பழைய கார், ஒரு கராஜில் ரோலர் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். உண்மையான வேகத்தைவிட 3 மைல் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதாவது அவள் கண்ணுக்கு 84 தெரிந்தபோது கார் 87இல் போயிருக்கிறது.

கோர்ட்டில் அவள் முறை வந்தபோது எல்லாம் இரண்டு நிமிடம். வக்கீல் அந்த மூன்று தாளையும் நீட்டினார், நீதிபதி புரட்டிப் பார்த்தார், குற்றத்தை 'இம்ப்ராப்பர் டிரைவிங்' ஆகக் குறைத்தார். அது மிஸ்டிமீனர் இல்லை, வெறும் போக்குவரத்து விதிமீறல். அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தோம். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை, நீதிபதியைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் விட்டிருந்தால் அவள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

அடுத்து விண்ணப்பம். மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், பற்றி ஒரு கேள்வி, மிஸ்டிமீனர் பற்றி ஒரு கேள்வி. இரண்டிலும் கேட்பது தண்டனை ஆனதா அல்லது ஒப்புக்கொண்டீர்களா என்றுதான். அதனால் அவள் "இல்லை" என்று போட்டாள், அது உண்மை. ஆனால் பிறகு ஒரு கல்லூரியின் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் "எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதுண்டா" என்று கேட்டிருந்தார்கள். சாட்டப்பட்டது, தண்டிக்கப்பட்டது இரண்டும் வேறு வேறு. அங்கே "ஆம்" என்று போட்டு விளக்கம் எழுதினாள். முதலில் அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம், தேங்க்ஸ்கிவிங் நெரிசல், இருட்டு, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த டிரக், மன்னிப்பு என்று. எல்லாவற்றையும் வெட்டி ஐந்து வரியாக்கினோம். தேதி, இடம், என்ன குற்றச்சாட்டு, எப்படி முடிந்தது, தவறு என்னுடையது, வகுப்பை முடித்தேன். அவ்வளவுதான். நேர்முகத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மெடிக்கல் ஸ்கூலில் இரண்டாம் வருடம்.

ஒன்று முக்கியம். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு மிஸ்டிமீனர் தண்டனை ஆனால் பத்து வேலை நாட்களுக்குள் நீங்களே கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் கோர்ட் தேதியைத் தள்ளிப்போட்டு, அதற்குள் விண்ணப்பித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

லா ஸ்கூல் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேட்கும். சிலர் "சிறு போக்குவரத்து மீறல்கள் தவிர" என்பார்கள், சிலர் அதையும் சேர்த்தே எழுதச் சொல்வார்கள். படித்து முடித்து, வக்கீலாகத் தொழில் செய்யத் தேவையான பார் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை விசாரணை என்று தோண்டித் துருவுவார்கள், லா ஸ்கூலுக்கு அன்று கொடுத்த பதிலோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் இரண்டு சின்ன டிக்கெட்டை அற்பம் என்று விட்டுவிட்டான். மூன்றாம் வருடம் பார் படிவத்தை நிரப்பும்போதுதான் தன் பழைய விண்ணப்பத்தில் "போக்குவரத்து மீறல் உட்பட" என்று இருந்ததைக் கவனித்தான். கல்லூரிக்கு எழுதித் திருத்தம் போட்டு, ஏன் விட்டாய் என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, இரண்டு மாதம் தூக்கமில்லாமல் அலைந்தான். அந்த டிக்கெட்டுகளை அன்றே எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (அரசு வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவர் பதிவு) திடீரென்று ரத்து செய்தார்கள், அதில் போக்குவரத்துக் கேஸ் மட்டுமே இருந்தவர்களும் சிக்கினார்கள். பலர் கோர்ட்டுக்குப் போன பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகளை மீட்டுக் கொடுத்தார்கள். அதனால் டிக்கெட், கோர்ட் தீர்ப்பு, அபராத ரசீது மூன்றையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள். கிரீன் கார்டு, குடியுரிமைப் படிவங்களுக்கும் பிறகு அது வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் தாளில் இருக்கும் சட்டப்பிரிவு எண்ணை எடுத்து உங்கள் மாநிலத்தில் அது விதிமீறலா மிஸ்டிமீனரா என்று பாருங்கள். நிறைய பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே தாளைக் காட்டினால் சொல்லிவிடுவார்கள். விதிமீறல் என்றால் கட்டிவிட்டுப் படிப்பைப் பாருங்கள். மிஸ்டிமீனர் என்றால் வக்கீல் இல்லாமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கார் இன்ஷூரன்ஸ் அவர்கள் பேரில்தான் இருக்கும், வக்கீல்களின் கடிதமும் லைசென்ஸில் இருக்கும் வீட்டு விலாசத்துக்குத்தான் போகும். திட்டுவார்கள், நானும் திட்டினேன். ஆனால் என் மகள் ரோட்டோரத்தில் நின்றபடியே கூப்பிட்டுச் சொன்னதால்தான் கோர்ட் தேதிக்கு முன்னால் எங்கள் கையில் ஐந்து வாரம் முழுசாக இருந்தது.