விலை உயர்ந்த நாய்கள்: கொடுக்கிற காசு எங்கே போகிறது? (கேள்வி பதில்)

தொடங்கும் முன் ஒன்று. "இந்த இனம் என்ன விலை?" என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏன் அந்த விலை என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இனப்பெருக்கமும் மரபியலும். வைத்தியத்துக்கு டாக்டர் இருக்கிறார்.

முதல்குட்டி: அண்ணா, லாப்ரடார் குட்டி தேடிட்டு இருக்கேன். ஒருத்தர் ஒரு விலை சொல்றார், இன்னொருத்தர் அதுக்கு மூணு மடங்கு. ரெண்டு குட்டியும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கு. என்ன வித்தியாசம்?

பதில்: பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். எட்டு வாரக் குட்டியின் இடுப்பு மூட்டுக் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. வளர்ந்து நொண்டும்போதுதான் தெரியும். வித்தியாசம் இருப்பது குட்டியில் அல்ல, தாய் தகப்பனுக்கு என்ன சோதனை செய்தார்கள் என்பதில்.

லாப்ரடார் வளர்ப்பில் முறையாகச் செய்பவர் முதலில் இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் வாங்குவார். நாய்களின் மூட்டைத் தரப்படுத்தும் அமெரிக்க அமைப்பான ஓஎஃப்ஏ இறுதித் தரத்தை 24 மாதம் முடிந்த பிறகே தரும். சர்வதேச நாய் அமைப்பான எஃப்சிஐயின் முறையில் ஏ முதல் இ வரை எழுத்து. பிரிட்டிஷ் முறையில் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண். குறையக் குறைய நல்லது. அதற்கு மேல் கண் பரிசோதனை, விழித்திரை தேயும் பிஆர்ஏ நோய்க்கும், ஓடும்போது பின்னங்கால் துவண்டு விழும் இஐசிக்கும் டிஎன்ஏ சோதனை. ஒவ்வொரு இணைப்புக்கும் முன்பு இரண்டு பக்கமும் புரூசெல்லா கேனிஸ் என்ற தொற்றுக் கிருமிக்கு இரத்தச் சோதனை. இது விட்டுப்போனால் மொத்தக் கென்னலும் கருச்சிதைவில் போகும்.

இந்தப் பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு. நல்ல ஈத்தில் இரண்டு பெட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு தீனி போட்டு வளர்க்கிறார். 24ஆம் மாத எக்ஸ்ரேயில் ஒன்றின் இடுப்பு தேறவில்லை. அதைக் கருத்தடை செய்து வீட்டு நாயாகக் கொடுத்துவிடுவார். அந்த இரண்டு ஆண்டுச் செலவும் தேறிய பெட்டையின் குட்டிகள் தலையில்தான் விழும். எக்ஸ்ரேயே எடுக்காதவருக்கு எந்தப் பெட்டையும் தேறாமல் போவதில்லை. அவர் மலிவாக விற்க முடிவது இதனால்தான்.

அதற்காக, விலை அதிகம் என்றால் சோதனை நடந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய பல்லவிதான்: விலையைக் கேட்கும் முன் பெற்றோரின் சோதனைச் சான்று எண்ணைக் கேளுங்கள். வெளியிடப்பட்ட ஓஎஃப்ஏ தரங்களை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். "டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னுட்டார்" என்பது சோதனை அல்ல.

மடிப்புமூஞ்சி: இங்கிலீஷ் புல்டாக் ஏன் இவ்வளவு விலை? சின்ன நாய்தானே, தீனியும் அதிகம் ஆகாதே?

பதில்: தீனியில் இல்லை, பிரசவத்தில் இருக்கிறது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். இந்த இனத்தில் பத்துக்கு எட்டு ஈத்துக்கு மேல் சிசேரியன் என்று பிரிட்டனில் 2010இல் வந்த ஆய்வு காட்டியது. பிரெஞ்சு புல்டாக்கும் பாஸ்டன் டெரியரும் அதே வரிசை. இணைவதும் பெரும்பாலும் செயற்கை முறையில்தான்.

சிசேரியனுக்கு நாள் குறிக்க, கரு உருவான நாள் தெரிய வேண்டும். இணைந்த தேதியை நம்ப முடியாது. அதிலிருந்து எண்ணினால் பிரசவம் 57ஆம் நாளிலும் வரும், 72ஆம் நாளிலும் வரும். கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் 63, ஒரு நாள் முன்பின். அந்த நாளைப் பிடிக்கத்தான் ஹீட் வந்த பெட்டைக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை இரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பது. மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்கு ஏறினால் முட்டை வெளியாக இன்னும் இரண்டு நாள். 5ஐத் தொட்டால் முட்டை வெளியாகிறது. முட்டை முதிர மேலும் இரண்டு நாள் ஆகும். புது விந்து என்றால் அதற்கேற்ப நிதானமாக வைக்கலாம், பல நாள் உயிரோடிருக்கும். உறைவிந்து உருகிய பிறகு ஒரு நாள்கூடத் தாங்காது. முட்டை வெளியான பின் வரும் மூன்றாம் நாளைத் தவறவிட்டால் விந்து வாங்கிய காசு, பயணம், அடுத்த ஹீட் வரை ஆறு மாதம், எல்லாம் போச்சு.

பலர் கோட்டைவிடும் இடம் அளவை அலகு. சில ஆய்வகங்கள் நானோமோலில் தரும். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 3.18 நானோமோல். அறிக்கையில் 16 என்று இருந்தால் அது 5 நானோகிராம். அன்றுதான் முட்டை வெளியாகிறது. அதை நானோகிராம் என்று படித்து "நாள் கடந்துவிட்டது" என்று அவசரமாக இணைத்தவர்களும் உண்டு, கைவிட்டவர்களும் உண்டு.

அறுவையை ஓரிரு நாள் முன்னதாகச் செய்தால் குட்டியின் நுரையீரல் முதிர்ந்திருக்காது, மூச்சுத் திணறிச் சாகும். தள்ளிப்போட்டால் உள்ளேயே சாகும். அதனால் கடைசி நாட்களில் மறுபடி புரொஜெஸ்ட்ரோன். 2க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளில் பிரசவம். மூக்கு சப்பையான நாய்க்கு மயக்கமருந்து கொடுப்பதும் ஆபத்தான வேலை. டியூபை எடுத்த பிறகு மூச்சுவழி அடைக்கும், கூடவே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறகு வளர்ப்பு. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடேறத் தெரியாது. பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு முறை பால், தினமும் எடை. தாய் கனமானவள், மந்தமானவள், மேலே படுத்துவிடுவாள். ஆள் தூங்க முடியாது. உடல் 34 டிகிரிக்குக் கீழே போன குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள். குளிர்ந்த குடல் வேலை செய்யாது, பால் உள்ளே புளித்துக் கொல்லும். முதலில் மெல்லச் சூடேற்றுங்கள், பிறகுதான் பால்.

இவ்வளவையும் செய்து கையில் நிற்பது மூன்று நான்கு குட்டி. லாப்ரடாரில் இதே செலவு ஏழெட்டுக் குட்டிக்குப் பிரியும், அறுவையும் பெரும்பாலும் வேண்டாம். கணக்கு இவ்வளவுதான். வாங்குபவர் பெற்றோரின் மூச்சுத் தரத்தையும் கேட்க வேண்டும். மூன்று நிமிடம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்து 0 முதல் 3 வரை தரம் போடும் கேம்பிரிட்ஜ் முறை ஒன்று இருக்கிறது. 3 வந்த நாயை இணைக்கவே கூடாது.

பொம்மி: டீகப் பொமரேனியன் நல்ல பிரீடா?

பதில்: அப்படி ஒரு பிரீடே கிடையாது. ஈத்தில் மெலிந்த குட்டிக்கு வைத்த விற்பனைப் பெயர். திடீர்ச் சர்க்கரைக் குறைவு, மூடாத உச்சிக்குழி, நழுவும் முட்டிச் சில்லு, இவையும் சேர்ந்து வரும்.

மலைவாசி: ஐயா, திபெத்தியன் மஸ்டிஃப் ஒருகாலத்தில் உலகிலேயே விலை கூடிய நாய் என்றார்கள். அதன் விசேஷம் என்ன?

பதில்: உயிரியலில் சில உண்டு. பெரும்பாலான பெட்டைகளுக்கு ஆண்டுக்கு ஒரே ஹீட், மற்ற இனங்களுக்கு இரண்டு. முதிரவும் மெல்ல முதிரும். உயரமான இடத்தில் குறைந்த ஆக்சிஜனைச் சமாளிக்கும் இபிஏஎஸ்1 மரபணு வடிவம் திபெத்திய ஓநாயிடமிருந்து கலப்பில் வந்தது என்று மரபணு ஆய்வில் கண்டார்கள். எனக்கு அந்த நாயில் பிடித்த விஷயமே அதுதான்.

ஆனால் அந்த விலைக்கு இதெல்லாம் காரணமில்லை. சீனாவில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அந்தஸ்துப் பொருளாகிவிட்டது. வாங்கியவர் வளர்க்க வாங்கவில்லை, குட்டி போட்டு விற்க வாங்கினார். அவரிடம் வாங்கியவரும் அப்படியே. வாங்க ஆள் தீர்ந்ததும் விலை விழுந்தது. விற்காத நாய்களை அவிழ்த்துவிட்டார்கள், திபெத்தியப் பீடபூமியில் தெருநாயாகத் திரிந்தன. விலை பிறக்கும் வழி இரண்டு: நாய்க்குள் போட்ட செலவு, வாங்குபவரின் ஆசை. இரண்டாவதால் வந்த விலை ஒரே பருவத்தில் இறங்கும்.

பேப்பர்பாண்டி: கென்னல் கிளப் பேப்பர் இருக்கு, மைக்ரோசிப்பும் இருக்கு. தைரியமா வாங்கலாமா?

பதில்: கென்னல் கிளப் என்ற இனப்பதிவுச் சங்கம் தரும் பேப்பர் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. யாருக்குப் பிறந்தது என்று சொல்லும், அதுவும் எழுதியவர் உண்மை எழுதியிருந்தால். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மைக்ரோசிப் 15 இலக்க எண், அவ்வளவே; அந்த எண் எக்ஸ்ரே சான்றிலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது பயன்படும்.

பேப்பரை வைத்து ஒரு வேலை செய்யலாம். தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் ஒரே பெயர் வருகிறதா என்று ஐந்து தலைமுறைக்காவது தேடுங்கள். முதல்நிலை ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளை இணைத்தால் உள்ளினக் கெழு (நெருங்கிய உறவு இணைப்பின் அளவு) 6.25 சதம், பாதி உடன்பிறப்பு 12.5, முழு உடன்பிறப்பு 25. மூன்று தலைமுறை மட்டும் காட்டுபவர் எதையோ மறைக்கிறார் என்றில்லை, ஆனால் அது போதாது. புகழ்பெற்ற ஒரே கடுவன் எல்லாப் பக்கமும் தலைகாட்டினால், அது சுமந்த நோயும் எல்லாப் பக்கமும் இருக்கும்.

நிறக்கிறுக்கன்: நீலநிற பிரெஞ்சு புல்டாக், மெர்ல் பிரெஞ்சு புல்டாக், ரெண்டுமே அரிது, அதான் விலை. சரிதானே?

பதில்: இல்லை. நீலம் என்பது நிறத்தை நீர்க்கச் செய்யும் ஒடுங்கு மரபணுவின் இரண்டு பிரதி. சுமக்கும் இரண்டு நாயை இணைத்தால் கணக்குப்படி நாலில் ஒன்று நீலம். அதைப் பெற ஆகும் செலவு பழுப்புக் குட்டிக்கு ஆகும் செலவேதான், மிச்சமெல்லாம் லாபம். கூடவே நீல நாய்களில் சிலவற்றுக்கு முடி கொட்டித் தோல் புண்ணாகும் கோளாறு வரும்.

மெர்ல் (கருநிறம் திட்டுத்திட்டாக வெளிறும் கோலம்) வேறு கதை. அது பிரெஞ்சு புல்டாக்கில் இருந்ததே இல்லை, வேறு இனத்தைக் கலந்து வந்தது. அமெரிக்க கென்னல் கிளப் தரவிதியில் இரண்டு நிறமும் தகுதிநீக்கம்.

நிறக்கிறுக்கன்: கலப்புன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? க்ரீம் நிறத்துக்கு அடியில மெர்ல் ஒளிஞ்சிருக்கும்னு நானே படிச்சிருக்கேன். நூறு வருஷமா ஒளிஞ்சிருந்திருக்கலாமே?

பதில்: நல்ல கேள்வி, பாதி சரி. மெர்ல் கருநிறமியை மட்டுமே கலைக்கும். க்ரீம் நாயின் உடம்பு முடியில் கருநிறமி இல்லை, அதனால் மெர்ல் இருந்தும் தெரியாது. ஆனால் அது ஓங்கு மரபணு. அந்த க்ரீமை, வரிவரியான கருநிறம் கொண்ட ஒரு பிரிண்டிலோடு இணைத்தால் கருநிறக் குட்டிகளில் சுமார் பாதியில் வெளியே வந்துவிடும். க்ரீமும் பிரிண்டிலும் காலங்காலமாகக் கலந்தே இணைந்த இனம் இது. ஒரு தலைமுறை ஒளியலாம், இரண்டு தலைமுறை ஒளியலாம். நூறு ஆண்டு ஒளியாது. அதாவது மெர்ல் பிரெஞ்சு புல்டாக்கின் பேப்பரில் எங்கோ ஒரு தகப்பன் பெயர் பொய். "தூய இனம்" என்று கூடுதல் விலை கொடுப்பது அந்தப் பொய்க்கு.

நிறக்கிறுக்கன்: ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், கோலி எல்லாம் மெர்ல்தானே? மெர்ல்னா செவிடாகும்னு சொல்றாங்க, அதெல்லாம் செவிடா திரியுதா?

கோலிவீட்டார்: குறுக்கே வருகிறேன். ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எங்கள் இனத்தில் மெர்லை மெர்லோடு இணைக்கக் கூடாது என்பது பாலபாடம். மீறினால் குட்டிகளில் கால்வாசிக்கு இரண்டு பிரதி. அவற்றில் பலவும் வெள்ளையாக, செவிடாக, அல்லது கண் சிறுத்துக் குருடாகப் பிறக்கும். ஆனாலும் வேண்டுமென்றே இரட்டை மெர்ல் கடுவனை வைத்திருப்பவர்கள் எங்களிலும் உண்டு. மெர்ல் இல்லாத மூன்று நிறப் பெட்டையோடு இணைத்தால் அத்தனை குட்டியும் மெர்ல் ஆகிவிடுமே!

பதில்: கோலிவீட்டார் எனக்கு வேலையைக் குறைத்துவிட்டார், நன்றி. கோலியில் மெர்லைக் கண்ணால் பார்த்து விலக்கலாம். பிரெஞ்சு புல்டாக்கில் க்ரீமும் வெளிர் பழுப்பும் அதிகம், அடியில் மெர்ல் இருப்பது தெரியாமலே மெர்ல் மேல் மெர்ல் போட்டுவிடுவார்கள். அங்கே அது இன்னும் ஆபத்தாவது இதனால்தான்.

காவல்காரன்: பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைவிடப் பல மடங்கு விலை. நியாயமா?

பதில்: பயிற்சி உண்மையென்றால் நியாயம். மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு மூன்றும் சேர்ந்தது ஐஜிபி தேர்வு. முதல் நிலைக்கே நாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அவ்வளவு நாள் ஒரு பயிற்சியாளரின் நேரத்துக்கும், நடுவில் தேறாமல் கழிந்த நாய்களுக்கும் சேர்த்துத்தான் விலை. மதிப்பெண் புத்தகத்தைப் பாருங்கள், கடிக்கிற வீடியோவை அல்ல.

அரியவகை: எண்ணிக்கை குறைந்த இனம் என்றாலே விலை கூடுமா? உதாரணம் லுண்டெஹுண்ட்.

பதில்: கூடும் என்று சொல்ல முடியாது, காசைவிடக் காத்திருப்புப் பட்டியல்தான் நீளும். ஆறு விரல் கொண்ட அந்த நார்வே நாய் விரல்விட்டு எண்ணக்கூடிய மூதாதையரிலிருந்து மீண்டது, அதனால் குடல் நோய் இனம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இப்போது புஹுண்ட் போன்ற உறவினங்களோடு கலந்து பார்க்கிறார்கள். "தூய்மை கெட்டுவிடும்" என்பவர்களுக்கு டால்மேஷியனைக் காட்டுவேன். சிறுநீர்க் கல்லுக்கு வழிவிடும் கோளாறு அந்த இனம் முழுவதிலும் இருந்தது. ராபர்ட் ஷெய்பிள் 1973இல் ஒரே ஒரு முறை பாய்ன்டரைக் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே இணைத்தார். புள்ளியும் இருந்தது, கோளாறும் போனது. அமெரிக்க கென்னல் கிளப் அவற்றை நிலையாகப் பதிவில் சேர்த்தது 2011இல்தான்.

ராக்கிஅம்மா: என் குட்டி காலையிலிருந்து வாந்தி, ரத்தமும் வருது.

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கம்மா. இப்போதே.

புதுசு: பேப்பர் இருந்தா ஒரிஜினல்தானே?

பதில்: பாண்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குட்டிசேகர்: பேப்பர் இல்லாம பாதி விலைக்குத் தர்றாங்க, எடுக்கலாமா?

பதில்: பேப்பர், பேப்பர், பேப்பர்! பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றோரின் சோதனைச் சான்று எண்.

நிறக்கிறுக்கன்: கடைசியா ஒண்ணு. என்கிட்ட இருக்கிற பெட்டை மெர்ல். பார்த்து வெச்சிருக்கிற கடுவன் க்ரீம். யாருக்கு டெஸ்ட் எடுக்கணும்?

பதில்: மெர்ல் பெட்டையை இணைப்பதே எனக்கு உடன்பாடில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைத்தே தீருவீர்கள் என்றால் கடுவனுக்கு எம் லோகஸ் (மெர்ல் மரபணு) சோதனை, ஹீட் வரும் முன்பே. தின்ற பிறகு ஒரு மணி நேரம் விடுங்கள். கன்னத்தின் உள்பக்கம் ஸ்வாபை அழுத்திப் பதினைந்து விநாடி உருட்டித் தேயுங்கள். எச்சில் மட்டும் பட்டால் போதாது, செல் ஒட்ட வேண்டும். காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் என்றால் பூஞ்சை பிடிக்கும். உறையில் அந்த நாயின் சிப் எண்ணை எழுத மறக்காதீர்கள்.