தரவரிசையா, உதவித்தொகையா? வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் குறித்துப் பெற்றோர் கேட்டவை

அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு இடம் பெற்ற மாணவர்கள் பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அந்த நாள் நெருங்க நெருங்க, இங்கு வாழும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து வரும் கேள்விகளும் கூடுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தரவரிசையில் முதல் முப்பதுக்குள் வரும் வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுச் செலவு 70,000 டாலர். அலபாமா பல்கலைக்கழகமோ உதவித்தொகை போக 30,000 டாலர்தான் கேட்கிறது. "அலபாமாவா?" என்று உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது? (நியூ ஜெர்சி)

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 40,000 டாலர் வித்தியாசம் என்றால் நான்கு ஆண்டுகளில் 1,60,000 டாலர். அந்தத் தொகையில் எவ்வளவு கடனாக வாங்கப் போகிறீர்கள் என்பதுதான் நீங்கள் எடுக்கும் முடிவின் உண்மையான எடை.

அடுத்து, தரவரிசை எதை அளக்கிறது என்பதைப் பாருங்கள். கல்லூரித் தரவரிசையை வெளியிடும் யு.எஸ். நியூஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் தன் கணக்கிடும் முறையை மாற்றி, வகுப்பின் அளவு, பழைய மாணவர்களின் நன்கொடை போன்ற அளவுகோல்களைக் கைவிட்டபோது, பல அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரே ஆண்டில் பல படிகள் ஏறின. அங்கே பாடம் நடத்தியவர்கள் என்னவோ அதே ஆசிரியர்கள்தாம். அதற்கு முந்தைய ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழகம் அளித்த விவரங்களில் பிழை இருப்பதை அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே எடுத்துக்காட்டியதைத் தொடர்ந்து, அது 2-ஆம் இடத்திலிருந்து 18-ஆம் இடத்துக்கு இறங்கியது.

பெயர் பெற்ற கல்லூரி வருமானத்தை உயர்த்துகிறதா என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த, ஒத்த திறனுடைய மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும், எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பது பெரும்பாலோரின் பிற்கால வருமானத்தை அதிகம் மாற்றவில்லை என்று 2002-இல் எழுதினார்கள். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு முக்கியமான திருத்தத்தைச் சேர்த்தது: ஐவி லீக் எனப்படும் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டுடன் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவையும் சேர்ந்த பன்னிரண்டில் படிப்பது சராசரி வருமானத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டாவிட்டாலும், வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு சதவீதத்தினருள் ஒருவராகும் வாய்ப்பையும் பெயர் பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பையும் நன்றாகவே உயர்த்துகிறது. ஆனால் உங்கள் மகள் முன்னால் இருப்பவை இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். அந்தப் பன்னிரண்டுக்குரிய முடிவை இங்கே பொருத்த முடியாது.

என்னைக் கேட்டால், அலபாமாவைத் தேர்வு செய்வதில் தயக்கம் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அவர் படிக்கப்போகும் துறைக்கு எந்தெந்த நிறுவனங்கள் சென்ற ஆண்டு வளாகத்துக்கு வந்து ஆளெடுத்தன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பொறியியல் என்றால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஏபெட் (பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சான்றளிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மகளையும் ஒருமுறை நேரில் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் கால்பந்துப் போட்டி நடக்கும் சனிக்கிழமையில் வேண்டாம். அன்றைக்கு ஊரே வேறு முகம் காட்டும். வகுப்புகள் நடக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போதும்.

அலபாமா இவ்வளவு தருகிறது. மிச்சிகன், பெர்க்லி போன்றவை வெளிமாநிலத்தவருக்கு ஏன் ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை? (இல்லினாய்)

கேட்காமலே வந்து சேரும் மாணவர்களுக்குத் தள்ளுபடி தர வேண்டிய அவசியம் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. பெர்க்லி உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் வெளிமாநிலத்தவரிடம் கூடுதல் கட்டணமாக மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் வாங்குகின்றன. அந்தப் பணம் உள்ளூர் மாணவர்களின் கல்விக்கும் உதவுகிறது. அலபாமாவின் நிலை வேறு. 2003-இல் தலைவராகப் பொறுப்பேற்ற ராபர்ட் விட் காலத்திலிருந்து, நல்ல மதிப்பெண் பெற்ற வெளிமாநில மாணவர்களை உதவித்தொகை கொடுத்து ஈர்த்தே அது வளர்ந்தது. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர். இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகம் மூன்றாவது வகை: அது பெரிய உதவித்தொகை தருவதில்லை, ஆனால் 2012-13 முதல் கல்விக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகம் எந்த வகை என்று அறிய, அதன் பெயருடன் 'காமன் டேட்டா செட்' (பல்கலைக்கழகங்கள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி, எச்2ஏ என்ற பகுதியைப் பாருங்கள். பண வசதி குறைவு என்பதற்காக அல்லாமல், தகுதிக்காக மட்டுமே உதவி பெற்ற மாணவர்கள் எத்தனை பேர், சராசரித் தொகை எவ்வளவு என்பது அங்கே அச்சாகியிருக்கும்.

உதவித்தொகைக் கடிதம் கையில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் முன் எதைக் கவனிக்க வேண்டும்? (வட கரோலைனா)

பெற்றோர் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையைப் படித்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். நீங்கள் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். அங்கேதான் "எட்டு பருவங்கள் வரை", "ஒட்டுமொத்த ஜி.பி.ஏ. 3.0" போன்ற வரிகள் இருக்கும் (ஜி.பி.ஏ. என்பது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்). முதல் பருவத்தில் வேதியியலும் கால்குலசும் சேர்ந்து ஒரு நல்ல மாணவரையே 2.9-க்கு இறக்கிவிடக்கூடும், அப்படி நேர்ந்தால் உதவித்தொகை உடனே நின்றுவிடுமா, மீட்க ஒரு பருவம் அவகாசம் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். தொகை டாலரில் நிலையானதா, கட்டணத்தின் சதவீதமா என்பதும் முக்கியம். டாலரில் நிலையானது என்றால் ஒவ்வொரு ஆண்டும் உயரும் கட்டணத்தின் சுமை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

நாங்கள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறோம். என் மகன் உயர்நிலைப் பள்ளியில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வில் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். அந்த மதிப்பெண்ணை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகை அவனுக்குக் கிடைக்குமா? (டெக்சஸ்)

நேஷனல் மெரிட் போட்டிக்கு முன்பு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ, குறைந்தது கிரீன் கார்டு விண்ணப்பமோ வேண்டியிருந்தது. இப்போது அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. எனவே எச்-4 அதற்குத் தடையில்லை. அரசின் எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற விண்ணப்பப் படிவத்தின் வழியான நிதியுதவிதான் எச்-4 மாணவருக்கு இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தாமே தரும் தகுதி உதவித்தொகைகளில் பல விசாவைப் பார்ப்பதில்லை என்பதால், உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அவைதாம் பெரிய வழி. மகனுக்கு 21 வயது நிறையும்போது எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரிடலாம். அப்போது உதவித்தொகையும் கட்டண வகையும் மாறுமா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

1,000 டாலர் உதவித்தொகை கிடைத்தால் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமே போதும் என்கிறார்களே, உண்மையா? (ஒக்லஹோமா)

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை உண்மை. போட்டியில் வென்ற குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகைக்கு அந்த மாநிலச் சட்டம் இச்சலுகையைத் தருகிறது. இதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எல்லா உதவித்தொகைகளும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

உதவித்தொகைக்கு வரி உண்டா? 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் சேர்த்த பணம் என்னாகும்? (பென்சில்வேனியா)

கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை; விடுதிக்கும் உணவுக்கும் போகும் பகுதி மாணவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். வரியற்ற உதவித்தொகைக்குச் சமமான தொகையை 529-இலிருந்து எடுத்தால் 10 சதவீத அபராதம் கிடையாது. அதில் வளர்ந்த ஆதாயத்துக்கு மட்டும் வருமான வரி கட்ட வேண்டும்.

மகள் மருத்துவராக விரும்புகிறாள். பெரிய பெயர் இல்லாத இடத்தில் படித்தால் பின்னால் பாதிக்குமா? (டெக்சஸ்)

மருத்துவப் பள்ளிகள் ஜி.பி.ஏ.யையும் எம்-கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் நோயாளிகளுடனான அனுபவத்தையும் முன்னிறுத்திப் பார்க்கின்றன. இளநிலைப் பட்டத்துக்குப் பின் சேரும் மருத்துவப் பள்ளியில் இன்னும் நான்கு ஆண்டுகளுக்குப் பெருஞ்செலவு காத்திருப்பதால், இளநிலையைக் கடனில்லாமல் முடிப்பது மற்ற யாரையும்விட இவர்களுக்கே அதிகம் தேவை. டெக்சஸ் அரசு மருத்துவப் பள்ளிகள் வெளிமாநிலத்தவரை 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், மகள் வெளியூரில் படித்தாலும் டெக்சஸ்வாசி என்ற தகுதியை இழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பல்கலைக்கழகம் "எங்கள் மாணவர்களில் 80 சதவீதம் பேருக்கு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைக்கிறது" என்று சொன்னால், முதலாண்டில் அந்தக் கனவோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், விண்ணப்பிக்கும் நிலைவரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள். சில இடங்களில் பலவீனமானவர்களுக்கு, விண்ணப்பத்தோடு வைக்கும் பல்கலைக்கழகக் குழுவின் பரிந்துரைக் கடிதத்தையே மறுத்துத்தான் அந்தச் சதவீதத்தை எட்டுகிறார்கள்.