வடகடலில் தனியாக – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவளத்தில் நான்கு வருடம் சர்ஃபிங் பழகியவன் நான். இப்போது எடின்பரோவில் வேலை. பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடகரைக்குப் பலகையோடு தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன். நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

போய் வாருங்கள். அந்தக் கரையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தண்ணீரில் மட்டும் தனியாக இறங்காதீர்கள்.

நீங்கள் பழகியது 28 டிகிரி கடல். அங்கே பிப்ரவரியில் 6, 7 டிகிரிதான். முதல் அலை தலையை மூடியதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அடக்க முடியாது. ஓரிரு நிமிடத்தில் தணிந்துவிடும். இறங்குமுன் முகத்தில் நாலு கை தண்ணீர் அள்ளி அடித்துக்கொள்ளுங்கள், அதிர்ச்சி கொஞ்சம் குறையும்.

அதைவிட எனக்குப் பயம் கைகளைப் பற்றித்தான். ஒரு மார்ச் மாதம் மெல்விச் விரிகுடாவில் தனியாக இறங்கினேன். ஆற்றுமுகத்து நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்க, பலகையில் படுத்துக் கைகளாலேயே துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் ஓய்ந்துபோய்க் கரையேறினேன். கார் சாவி வெட்சூட்டுக்குள் (குளிர் தாங்க அணியும் ரப்பர் உடை) கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. ஜிப்பின் நாடாவைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தேன், நழுவியது. காற்று வேறு. நாயோடு நடந்து வந்த ஒரு அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஜிப்பை இறக்கி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவர் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் 6 மில்லிமீட்டர் சூட், தலைமூடி, கையுறை, காலுறை எல்லாம் வேண்டும். தடிமனைவிட அளவு முக்கியம். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் புதுக் குளிர்நீர் உள்ளே புகுந்துவிடும்.

அந்தக் கரையிலுள்ள தர்சோ ஊரைத் தவறவிடாதீர்கள். இடிந்த கோட்டைக்கு எதிரே, கடலடியில் தட்டையாகக் கிடக்கும் பாறையின் மேல் அலை வலப்பக்கமாகச் சுருண்டுகொண்டே ஓடும். சதுப்பு நிலங்களில் ஊறி வரும் ஆறு அங்கே கலப்பதால் தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறம். உடையும் அலைக்குள் வெயில் பட்டால் அது தேன் நிறமாகும். நான் கரையில் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்களும் நில்லுங்கள், எங்கே ஏறுகிறார்கள், எங்கே வெளியே வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் உள்ளூர்க்காரர்களிடம் பேசிவிட்டு, அவர்களோடு இறங்கி ஓரமாக இருங்கள். முதல் நாளுக்கு டன்னெட் விரிகுடாவின் மணற்கரை போதும்.

வடக்கே பென்ட்லண்ட் நீரிணையின் ஓதநீரோட்டம் உலகிலேயே வேகமானவற்றில் ஒன்று. விரிகுடாவின் முனைகளைத் தாண்டிப் போகவே கூடாது.

முடிந்தால் பயணத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தண்ணீர் 12, 13 டிகிரி இருக்கும், அலையும் வரத் தொடங்கியிருக்கும். பிப்ரவரிதான் என்றால் சரி, மாலை சீக்கிரமே இருட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். எந்த விரிகுடா, எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று தினமும் ஒருவருக்குத் தெரிவித்துவிட்டு இறங்குங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.