ஒரு பலகை, பல பொருள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘போர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்பது பொருள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பலகை என்பது புரிகிறது. தங்கிப் படிக்கும் பள்ளி ஏன் போர்டிங் ஸ்கூல்? கம்பெனி இயக்குநர்கள் எப்படி போர்டு ஆனார்கள்? விமானத்தில் ஏறுவதும் போர்டிங்தானாம். அவள் கேட்டபோது, “இங்கிலீஷ் அப்படித்தான், அதில் ஒழுங்கே கிடையாது” என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

சரியில்லை என்றே சொல்வேன். அந்தச் சொல்லில் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் அது அகராதியின் வரிசையில் தெரியாது. மாணவர்களுக்கான அகராதிகள் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். எந்தப் பொருளிலிருந்து எது பிறந்தது என்று சொல்லாது. அதனால்தான் ஒன்பதும் ஒன்பது தனிச் சுமையாகக் குழந்தையின் தலையில் ஏறுகின்றன. இப்படி உருப்போட வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பலகையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கேரம் போர்டு, ஸ்விட்ச் போர்டு, பஸ்ஸில் ஊர் பெயர் எழுதிய போர்டு எல்லாம் நேரடியாகப் பலகைதான், அவளுக்கே தெரியும். சுவாரஸ்யம் சாப்பாட்டில் தொடங்குகிறது.

இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வீடுகளில்கூட ஒரே கூடத்தில்தான் பல வேலைகளும் நடக்கும். சாப்பாட்டு நேரம் வந்தால் மரத் தாங்கிகளை நிறுத்தி, மேலே நீளப் பலகைகளைப் போடுவார்கள். உண்டு முடித்ததும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடுவார்கள். நம் கல்யாண மண்டபங்களில் பந்திக்கு மேசை போட்டு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக, பலகை என்றாலே சாப்பாட்டு மேசை என்று ஆனது. அப்புறம் மேசையில் வைக்கும் சாப்பாட்டுக்கும் அதே பெயர் வந்தது. காசு கொடுத்து இன்னொருவர் வீட்டு மேசையில் சாப்பிடுகிறவர் போர்டர். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போடுகிற பள்ளி போர்டிங் ஸ்கூல். உங்கள் ஊரில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதிய பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் போர்டிங் என்பது சாப்பாடு, லாட்ஜிங் என்பது தங்கல். நாம் இரண்டையும் தங்குவது என்றே எடுத்துக்கொள்கிறோம். ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்று நம் அரசு வைத்த பெயரில் மட்டும் அந்தச் சாப்பாடு விடுபடாமல் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கப்போர்டும் முதலில் கதவு வைத்த அலமாரி இல்லை. கோப்பைகளை அடுக்கிவைத்த மேசைதான் அது. ஒளிவு மறைவில்லாத செயலை ‘அபவ் போர்டு’ என்கிறார்களே, அதுவும் சீட்டாட்ட மேசையிலிருந்து வந்தது. கை மேசைக்கு மேலே தெரிந்தால் அடியில் சீட்டு மாற்ற முடியாது.

இனி உங்கள் இயக்குநர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து காரியம் பேசுகிற குழுவுக்கு மேசையின் பெயரே வந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியோடு அது சென்னைக்கும் வந்தது. 1884ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் ஏற்பட்டன. அவை பள்ளிகளும் நடத்தின. “போர்டு ஹைஸ்கூலில் படித்தேன்” என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1957இல் அமைந்த மின்வாரியத்தை 2010இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்தார்கள். நாம் இன்றும் ஈபி ஆபீஸுக்குத்தான் போகிறோம். அந்த ‘பி’ இந்த போர்டுதான்.

இதற்கு நாம் வைத்த ‘வாரியம்’ ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல் இல்லை. 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் இருக்கின்றன. அதில் மேசையும் இல்லை, பலகையும் இல்லை. பலகையும் அவையும் சேர்ந்து வருவது நம்மிடம் வேறோர் இடத்தில்: சங்கப்பலகை. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்த பலகை என்று மதுரைப் புராணக் கதை சொல்லும். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள், போர்டு மீட்டிங் அவளுக்கு மறக்காது.

கப்பலுக்கு வருவோம். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘போர்டு’ என்ற வடிவில் இரண்டு சொற்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பலகை. மற்றொன்று ஓரம், குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டு விளிம்பு. ‘ஆன் போர்டு’ என்றால் அந்த விளிம்புக்குள் இருப்பது. கப்பலில் ஏறுவதைச் சொன்ன சொல் ரயிலுக்கும் விமானத்துக்கும் அப்படியே போனது. பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் ஸ்டார்போர்டு. இதில் ‘ஸ்டார்’ என்பது திசை திருப்புவதைக் குறித்த பழைய சொல், நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இடப்பக்கத்துக்கு லார்போர்டு. காற்றிலும் அலையிலும் கத்திச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், ஆபத்து. 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, இடப்பக்கத்துக்கு ‘போர்ட்’ (port, இது நம் போர்டு இல்லை) என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்று பணக்காரர் டிக்கெட்டில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் நான்கு முதலெழுத்துகளைக் (P.O.S.H.) குறித்தார்கள், அதிலிருந்துதான் பணக்காரத்தனமான என்ற பொருளில் ‘போஷ்’ என்ற சொல் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்குச் சான்றே இல்லை. சொல்லின் பிறப்பைத் தேடும்போது அழகான கதைக்கு மயங்கிவிடக் கூடாது என்பதையும் அவளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

விளிம்பு என்ற அந்த இரண்டாவது சொல்லுக்குப் பிரெஞ்சு வழியாக வந்த ஓர் உறவும் உண்டு: பார்டர். நாட்டின் எல்லைக்கும் உங்கள் புடவைக் கரைக்கும் நாம் சொல்கிற அதே பார்டர்தான்.

மகளிடம் அந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, பலகைக் கிளை, விளிம்புக் கிளை என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஓவர்போர்டு, கீபோர்டு இரண்டையும் கூடுதலாகக் கொடுங்கள். அவை எளிது. கடைசியாக சிபிஎஸ்இயில் வருகிற ‘பி’யைக் கொடுத்து, பலகையிலிருந்து அது வரை வந்த வழியை அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.