மாம்பழ வாசமும் ஒரு சிகரெட்டும்

கேள்வி: 18 வருடம் சிகரெட் பிடித்தவன் நான். 2019இல் மாம்பழச் சுவை வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறினேன், சிகரெட் அடியோடு நின்றது. இங்கே கியூபெக் மாகாணத்தில் வேப் சுவைகளைத் தடை செய்த பிறகு பக்கத்து மாகாணமான ஒன்ராறியோ போய் வாங்கி வந்தேன். அந்த அலைச்சல் இப்போது அலுத்துவிட்டது. இங்கே கிடைக்கும் புகையிலைச் சுவை குமட்டுகிறது. கேக்குக்குப் போடும் எசன்ஸ் நாலு சொட்டு விட்டுக்கொள் என்கிறார் நண்பர். யாரோ பெற்ற பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று 44 வயதுக்காரனை ஏன் தண்டிக்கிறார்கள்? டிசம்பரில் மூன்று வாரம் சென்னை போகிறோம், வேப்பைக் கொண்டுபோகலாமா? போன வாரம் வேலையிடத்தில் ஒரு சிகரெட் வாங்கிப் பிடித்தேன். மனைவிக்குத் தெரியாது.
– பெயர் வேண்டாம், மொன்றியல், கனடா

பதில்: தம்பி, கடிதத்தின் கடைசியில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே ஒரு சிகரெட், எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் பட்டது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2023 அக்டோபர் 31 முதல் கியூபெக்கில் புகையிலைச் சுவை தவிர வேறு சுவையுள்ள வேப் விற்கக் கூடாது. மின்ட், மெந்தால்கூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட விதி. பஞ்சு மிட்டாய் வாசத்தில் நிகோட்டின் விற்றால் யார் வாங்குவார்கள் என்று நமக்கும் தெரியும். ஆனால் அதே வாசத்தைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டிலிருந்து கரையேறியவர்களும் உண்டு. தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் சூயிங்கம் போன்றவற்றைக் கொண்டு முயல்பவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வரை சிகரெட்டை விடுகிறார்கள் என்றால், நிகோட்டின் வேப்பைக் கொண்டு முயல்பவர்களில் எட்டிலிருந்து பத்துப் பேர் விடுகிறார்கள் என்கிறது, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. இதை உங்கள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. அவர் பதில் எழுதும்வரை சிகரெட் காத்திருக்காது, அவ்வளவுதான்.

நண்பரின் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார் அவர். வெண்ணெய் வாசத்துக்குச் சேர்க்கும் டையசெட்டைலைச் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரியில் பொப்கோர்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டுப் போனதற்கு, அதே பொருளின் ஆவியைச் சுவாசித்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. எண்ணெய் கலந்த எசன்ஸ் இன்னும் மோசம். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2020 பெப்ரவரிவரை 2,800 பேருக்கு மேல், அதில் 68 பேர் இறந்துவிட்டார்கள். முக்கிய காரணமாகக் கண்டுபிடித்தது விற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்ப் பொருளை. பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சா வேப்புகளில் அதைக் கலந்திருந்தார்கள். மாத்திரையாக விழுங்கினால் பொதுவாக ஒன்றும் ஆகாத பொருள் அது. உங்கள் நண்பர் கேக் செய்யட்டும்.

ஒன்ராறியோ பயணம் அலுத்துவிட்டது என்கிறீர்கள். நல்லது. தடையே இல்லாத ஊர் என்று அதையும் நினைக்க வேண்டாம். அங்கேயும் 2020 ஜூலை முதல் பழச் சுவைகள் மூலைக் கடையில் கிடைப்பதில்லை, வேப்புக்கென்றே உள்ள கடையைத் தேடிப்போக வேண்டும்.

புகையிலைச் சுவை குமட்டுவது எனக்கு நல்ல சேதியாகவே படுகிறது. சிகரெட்டை விட்டவருக்கு மூக்கும் நாக்கும் திரும்பி வருகின்றன, அந்த நாக்குதான் இப்போது முறையிடுகிறது. சுவையே இல்லாத திரவம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ஒரு வாரம் அதை இழுத்துப் பாருங்கள். கை அப்போதும் தானாக வேப்பைத் தேடிப்போனால், இத்தனை வருடம் உங்களைப் பிடித்து வைத்திருந்தது மாம்பழம் இல்லை, நிகோட்டின். ஒருவேளை இரண்டு நாளிலேயே சலித்துப்போய் மேசையில் கிடக்கும். அப்படி நடந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இனி சென்னை. கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டை விற்பது மட்டுமல்ல, நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம். முதல் தடவையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். வழியில் சிங்கப்பூரில் இறங்கினால், அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆக, டிசம்பரில் மூன்று வாரம் எப்படியும் வேப் இல்லை. பயமெல்லாம், தெருமுனைப் பெட்டிக் கடையில் சில்லறையாக விற்கும் ஒற்றைச் சிகரெட் மேல்தான். அதனால் இப்போதே ஒரு மருந்தகத்துக்குப் போங்கள். கியூபெக்கில் நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் எல்லாம் மருந்தாளரே எழுதித் தரலாம். மாகாண மருந்துக் காப்புறுதி வருடத்துக்கு 12 வாரம் வரை ஏற்கிறது. எந்த அளவில் தொடங்கி எப்போது குறைப்பது என்று அவரிடமே கேளுங்கள், நான் மருத்துவர் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதை மட்டும் குறைக்காமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் பேட்சும் குறைவாக வரும், பிறகு பேட்ச் வேலை செய்யவில்லை என்று திட்டிக்கொண்டு சிகரெட்டுக்குப் போவீர்கள்.

அப்புறம், மனைவி. சென்னைக்குப் பெட்டி அடுக்கப்போவது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். பேட்ச் டப்பா ஏன் என்று அவர் கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு சிகரெட்டைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.