ஆறு குச்சிகள்

அன்புள்ள ஐயா,

தோழியின் கவிதைகளை ஆங்கிலத்தில் நூலாக்குகிறோம், வடிவமைப்பு நான். அட்டை, உள்பக்கம் எல்லாமே பொடோனி எழுத்துரு, உள்ளே எழுத்தின் அளவு 9 பாயிண்ட். பதிப்பாளர் "கண் கூசுதும்மா, மாத்து" என்கிறார். வோக் ஃபேஷன் பத்திரிகையின் பெயரே இந்தச் சாயலில்தானே இருக்கிறது? ரசனை இல்லாதவர்களோடு எப்படி வேலை செய்வது? இலவச பொடோனி போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நேற்றுதான் பரணைச் சுத்தம் செய்யும்போது தங்கையின் கல்யாணப் பத்திரிகை கையில் அகப்பட்டது. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன். இலவசமா விலைக்கா என்பது உங்கள் வசதி. ரசனைப் பேச்சை விடுங்கள். பாவம், அந்த மனிதர் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லியிருக்கிறார்.

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்துக்கு நான்தான் பொடோனியைத் தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மயங்கிப்போனேன். ஒரு பக்கம் கனத்த தூண், மறுபக்கம் மயிரிழை. சின்ன அளவில், சொரசொரப்பான தாளில் அச்சாகி வந்தபோது மயிரிழைகளைக் காணோம். தங்கை பெயர் நளினி. ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'என்'னுக்குக் குறுக்குக்கோடு மட்டும்தான் தடிப்பு, நிற்கும் இரண்டும் மெல்லிசு. 'ஏ'க்கு இடதுகால் மெல்லிசு. 'எல்'லின் பாதமும் போயிற்று. மிச்சம் ஆறு குச்சிகள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பொண்ணு பேரு எங்கடா?" என்றார். நான் அச்சகத்தாரைத் திட்டினேன். உங்களைப் போலவேதான், ரசனை கெட்டவர் என்று.

வழுவழுப்பான தாளாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. மயிரிழை மங்கி, தூண்கள் மட்டும் வேலிக்கம்பு மாதிரி வரிசை கட்டி நிற்கும். பதிப்பாளருக்குக் கண் கூசியது அதில்தான்.

இந்த எழுத்தைச் செய்த பொடோனியைக் குறை சொல்லாதீர்கள். 1768-ல் இத்தாலியின் பார்மாவுக்குப் போய் அரசு அச்சகத்தை நடத்திய அந்த மனிதர், ஒவ்வொரு அளவுக்கும் எஃகில் தனித்தனியாகச் செதுக்கினார். பெரிய எழுத்தைச் சுருக்கினால் சின்ன எழுத்து வந்துவிடாது, அம்மா. சின்னதில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தாக வேண்டும். 1813-ல் அவர் இறந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளையெல்லாம் இரண்டு தொகுதிகளாக 1818-ல் கொண்டுவந்தவர் மனைவி மார்கெரிட்டா. ஐந்து வருஷம்! அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரே வடிவத்தை 72-க்கும் இழுக்கிறோம், 9-க்கும் நசுக்குகிறோம். 1991-ல் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனாதன் ஹோஃப்லர் இதே இனத்து டிடோ எழுத்துருவை வரைந்தபோது, 6 பாயிண்டிலிருந்து 96 வரை ஏழு அளவுக்கு ஏழு வடிவம் செய்தார். 1994-ல் ஐடிசி நிறுவனம் வெளியிட்ட பொடோனியில் 6, 12, 72 என்று மூன்று. நீங்கள் 9 பாயிண்டில் வைத்திருப்பது எந்த அளவுக்கு வரைந்தது? பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வோக் அட்டையில் அந்த ஐந்து எழுத்து எவ்வளவு பெரிது என்றாவது பார்த்தீர்களா?

அட்டையில் தாராளமாக வையுங்கள், 60 பாயிண்டில் ராணி மாதிரி நிற்கும். உள்பக்கம் ஒன்றை, புத்தகத்துக்கு வாங்கிய அதே தாளில் அச்செடுத்து, அறுபது வயது தாண்டிய யாரிடமாவது கொடுங்கள். திரையில் காட்டக் கூடாது.

பத்திரிகை கிடைத்த விஷயத்தை நளினியிடம் இன்னும் சொல்லவில்லை.